ஸ்பானிஷில் நனைவது, ஊறுவது, போதையேறுவது: எந்த வினையை எங்கே போடுவது?

கேள்வி இதுதான்: "ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். 'நனை', 'ஊறு' என்று தேடினால் மொஹார், ரெமொஹார், எம்பப்பார், கலார், எம்பெபெர், அப்சொர்பெர் என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகிறது. எதை எங்கே போடுவது? ஒரு கேக் செய்முறையில் எம்பொர்ராச்சார் என்றும் வந்தது. அது போதையேற்றுவது அல்லவா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அதே வினைதான். எம்பொர்ராச்சார் என்றால் ஒருவரைக் குடிக்கவைத்துப் போதையேற்றுவது. சமையலறையில், கேக்குக்கு மதுவையோ மது கலந்த சர்க்கரைப் பாகையோ ஊட்டுவது. ஸ்பெயினின் தலைநகர் மத்ரிதுக்கு வடகிழக்கே குவாதலஹாரா என்று ஓர் ஊர். அந்த ஊரின் பேர்போன இனிப்பே பிஸ்கோச்சோ பொர்ராச்சோ, அதாவது 'குடித்திருக்கும் கேக்'. எனவே உங்கள் செய்முறையில் பிழை ஒன்றும் இல்லை. ரம்மோ பிராந்தியோ இல்லாத வெறும் பாகு என்றால் அங்குள்ள பேக்கரிக்காரர்கள் பெரும்பாலும் கலார் என்பார்கள். அந்த வினைக்குப் பிறகு வருகிறேன்.

படிக்கும் முன் ஒரு சிறு குறிப்பு. ஸ்பானிஷின் 'ஹோத்தா' எழுத்தை ஹ என்று எழுதியிருக்கிறேன். தொண்டையில் சற்று உரசி வர வேண்டும். 'ச்ச' வரும் இடங்களில் 'பச்சை'யில் வரும் ஒலிதான்.

இந்த வினைகளையெல்லாம் 'நனை' என்று ஒரே சொல்லில் எழுதி மனப்பாடம் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். பேசுகிறவர் மனதில் ஓடும் கணக்கு வேறு. ஈரம் எதுவரை போனது? மேலோடு நின்றதா, உள்ளே இறங்கியதா, மறுபக்கம் வரை வந்துவிட்டதா? அப்புறம், வேலை செய்தது யார்? தண்ணீர் தானாக ஏறியதா, பொருள் அதை இழுத்துக்கொண்டதா? இந்த இரண்டைக் கேட்டுக்கொண்டால் பாதி சிக்கல் தீரும்.

மொஹார் அன்றாடச் சொல். கை நனைந்தது, செருப்பு நனைந்தது, பிஸ்கட்டைப் பாலில் தோய்த்தேன், எல்லாவற்றுக்கும் இது போதும். எவ்வளவு நனைந்தது என்று அது சொல்லாது, ஈரம் பட்டது என்பதோடு சரி. வேர் லத்தீனில், 'மென்மையானது' என்ற சொல்லில் இருக்கிறது. அந்தப் பழைய பொருளை இன்றும் சாப்பாட்டு மேசையில் பார்க்கலாம். ஸ்பெயினின் பார்களில் 'கம்பாஸ் அல் அஹீயோ' என்று பூண்டு இறால் வரும். சின்ன மண்சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டே மேசைக்கு வந்து சேரும். இறால் ஐந்து நிமிடத்தில் காலி. அடியில் பூண்டும் மிளகாயும் கிடந்து மணக்கிற எண்ணெய்தான் உண்மையான விருந்து. ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடுவதற்கு 'மொஹார் பான்' என்று பெயர். துண்டை எண்ணெயில் மிதக்கவிட்டு எடுப்பதை 'அசேர் பர்கீத்தோஸ்', அதாவது குட்டிப் படகு விடுவது என்பார்கள். குழம்பு பிரமாதமாக இருந்தால் 'எஸ்தா பாரா மொஹார் பான்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ரொட்டி தோய்க்கலாம் போல இருக்கிறது என்று பொருள். சமைத்தவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மெக்சிகோவில் ரொட்டியைக் காப்பியிலோ சாக்லேட்டிலோ தோய்ப்பதற்கு சோப்பியார் என்று தனி வினையே உண்டு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நனைந்தான், நனைத்தான், தோய்ந்தது, தோய்த்தான். தன்வினை, பிறவினை என்று நாம் பள்ளியில் படித்தது. ஸ்பானிஷ் அந்த வேலையை 'செ' என்ற ஒட்டை வைத்துச் செய்கிறது. 'மொஹோ எல் பான்' என்றால் ரொட்டியை நனைத்தான். 'செ மொஹோ' என்றால் நனைந்தான். இந்தக் கட்டுரையில் வரும் வினைகளில் முக்காலும் இப்படித்தான் இயங்கும்: எம்பப்பார் தொப்பலாக நனைப்பது, எம்பப்பார்சே தொப்பலாக நனைவது, எம்பொர்ராச்சார் போதையேற்றுவது, எம்பொர்ராச்சார்சே போதையேறுவது. பாடப்புத்தகங்கள் இந்த 'செ'யை 'தன்னைத் தானே' என்று விளக்கிக் குழப்பிவிடும். மழையில் நனைந்தவன் தன்னைத் தானே நனைத்துக்கொள்ளவில்லையே! நனைந்தான், நனைத்தான் ஜோடியை மனதில் வைத்தாலே போதும்.

மொஹார்சேவுக்கு இன்னொரு பொருள் உண்டு. செய்தித்தாளில் அடிக்கடி வரும். ஒரு விவகாரத்தில் 'இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்று வெளிப்படையாகச் சொல்லுவது. நழுவுகிற அரசியல்வாதியைப் பற்றி 'நோ செ மொஹா' என்று எழுதுவார்கள், நனைய மாட்டேன் என்கிறார் என்று. 'மீன் வேண்டுமென்றால் பின்புறம் நனையத்தான் வேண்டும்' என்ற பழமொழியும் இதையொட்டி நிற்கிறது. ஸ்பெயினில் கோடைதோறும், ஜூலையில், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக நீச்சல்குளங்களில் நிதி திரட்டுகிறார்கள். அதன் பெயரே 'மோஹாதே' என்றுதான் தொடங்கும். 'குளத்தில் இறங்கி நனை', 'எங்கள் பக்கம் நில்' என்று இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

மொஹாதோ, அதாவது நனைந்த என்ற பெயரடையை வைத்து இரண்டு தொடர்கள். 'பபெல் மொஹாதோ' நனைந்த காகிதம். செல்லாத ஒப்பந்தம், நிறைவேறாத வாக்குறுதி. 'யுவேவெ சோப்ரெ மொஹாதோ', நனைந்த இடத்திலேயே மழை பெய்கிறது. நம் ஊர் 'பட்ட காலிலே படும்' அப்படியே பொருந்தும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்க எல்லையில், ஆற்றைக் கடந்து ஆவணமின்றி வந்தவர்களை 'மொஹாதோ' என்று இழிவாகக் கூப்பிடும் வழக்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. 'என் சட்டை மொஹாதா' என்று சொல்லலாம். ஒரு ஆளைக் காட்டி 'அவர் ஒரு மொஹாதோ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ரெமொஹார் நேரம் பிடிக்கிற வேலை. கொண்டைக்கடலையை இரவே போட்டுவைப்பது, உப்புக் கண்டமாக வரும் காட் மீனைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஒன்றரை இரண்டு நாள் வைத்து உப்பெடுப்பது, கறைபட்ட துணியை ஊறப்போடுவது. பேச்சில் வினையைவிட 'பொனெர் என் ரெமோஹோ' (ஊறப்போடு) என்ற தொடர்தான் அதிகம் கேட்கும். 'அ ரெமோஹோ' என்றும் சொல்வார்கள், இரண்டும் சரி. 'அண்டை வீட்டுக்காரன் தாடியை மழிக்கக் கண்டால் உன் தாடியை ஊறப்போடு' என்று ஒரு பழமொழி உண்டு. அடுத்தவனுக்கு வந்தது நமக்கும் வரும், தயாராக இரு என்று பொருள். ஊழல் வழக்கில் ஒரு மந்திரி மாட்டினால், மறுநாள் தலையங்கத்தில் இந்தத் தாடி எப்படியும் வந்துவிடும்.

ரெமொஹாரிலேயே மது எட்டிப்பார்க்கத் தொடங்குகிறது. 'ரெமொஹார் எல் கஸ்னாதே', தொண்டையை ஊறவைப்பது என்றால் ஒரு வாய் குடிப்பது. புதுச் சட்டையோ சாமானோ வாங்கிய சந்தோஷத்தில் நண்பர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பதற்கும் இந்த வினையைச் சொல்வது உண்டு. பார்ட்டி எங்கே என்று கேட்கிற நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போல.

எம்பப்பார் அடுத்த படி. இங்கே ஈரம் பொருளுக்குள் நிறைந்துவிட்டது, பிழிந்தால் சொட்டும். கூழ் போன்ற மெத்தென்ற உணவைக் குறித்த 'பாப்பா' என்ற பழைய சொல்லிலிருந்து இது வந்தது. மழையில் தெப்பமாக நனைந்து வீட்டுக்கு வந்தால் ஆண் 'எஸ்தோய் எம்பப்பாதோ' என்பான், பெண் 'எம்பப்பாதா' என்பாள். வியர்வையில் குளித்தவனும் எம்பப்பாதோதான். 'எம்பப்பார்சே தெ' என்று போட்டால் ஒரு விஷயத்தில் ஊறித் திளைப்பது. தேர்வுக்கு முன் பாடத்தையும், ஊர் மாறினால் அந்த ஊர்ப் பழக்கவழக்கத்தையும் 'எம்பப்பார்சே' பண்ணலாம். 'இசையில் ஊறியவர்' என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் நம் 'ஊறியவர்' என்பதில் காலங்காலமாக என்ற தொனி இருக்கிறது. எம்பப்பார்சே ஒரு வாரத்திலும் முடியும்.

தெப்பமாக நனைந்தவரை 'எச்சோ ஊனா சோப்பா' என்றும் சொல்வார்கள், சோப்பாவாக ஆகிவிட்டார் என்று. சோப்பா என்றால் சூப் என்று படித்திருப்பீர்கள். மனிதன் எப்படி சூப் ஆவான் என்று தோன்றும். சோப்பாவின் பழைய பொருள் திரவம் அல்ல, அதில் ஊறிய ரொட்டித் துண்டு. அகராதியில் இந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஸ்பெயினின் நடுப்பகுதியான காஸ்தீயாவின் பூண்டு சூப்பில் பழைய ரொட்டிதான் பிரதானம், தண்ணீர் அதற்குத் துணை. ஆக, மழையில் நனைந்தவர் சூப் ஆகவில்லை, சூப்பில் கிடக்கும் ரொட்டி ஆனார். லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் இதிலிருந்தே என்சோப்பார் என்று வினை செய்துவிட்டார்கள், தொப்பலாக்குவது. கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் இன்னொன்று கேட்கும்: எம்பரமார்சே. பாரமோ என்பது ஆண்டிஸ் மலையில் மரங்கள் முடிந்து பனிக்குச் சற்றுக் கீழே வரும் குளிர்ந்த புல்வெளி. எப்போதும் மூட்டமும் தூறலுமாக இருக்கும். அங்கே போய் வந்தது போல நனைந்து விறைத்துப்போவதுதான் எம்பரமார்சே. எனக்கு இந்தப் பட்டியலிலேயே பிடித்த சொல் இது.

இப்போது கலார். இது ஊடுருவுகிற வினை. மேல்கோட்டைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, தோலுக்கு ஈரம் வந்துவிட்டது. 'கலாதோ அஸ்தா லோஸ் உவேஸோஸ்', எலும்பு வரை நனைந்தவன். எம்பப்பாதோவில் எவ்வளவு தண்ணீர் என்பது முக்கியம்; கலாதோவில் எவ்வளவு ஆழம் என்பது முக்கியம். அதனால்தான் வடக்கு ஸ்பெயினின் பூந்தூறலுக்கு 'கலபோபொஸ்' என்று பெயர். கலா நனைக்கும், போபொஸ் முட்டாள்கள்: முட்டாள்களை நனைக்கும் மழை. இது என்ன மழை என்று குடையில்லாமல் கிளம்புகிறவன் அரை மணி நேரத்தில் உள்ளாடை வரை ஈரமாகிவிடுவான். பில்பாவோ பக்கம் இதையே சிரிமிரி என்பார்கள், பாஸ்க் மொழியிலிருந்து வந்தது. அஸ்தூரியாஸில் ஓர்பாயு. பெருவின் தலைநகர் லீமாவில் பெரிய மழையே கிடையாது, குளிர்காலத்தில் விழும் மெல்லிய தூறலுக்குப் பெயர் கரூவா.

ஊடுருவுவது என்று பிடித்துக்கொண்டால் கலாரின் மற்ற பொருள்களும் தாமாக விளங்கும். தர்ப்பூசணிக் கடைக்காரர் பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிக் காட்டுவார் அல்லவா, அதுவும் கலார்தான். 'தெ தெங்கோ கலாதோ' என்றால் உன்னை வெட்டிப் பார்த்துவிட்டேன், நீ யார் என்று எனக்குத் தெரியும். ஒரு பேச்சு கேட்டவர் மனதில் இறங்கினால் 'கலோ ஓந்தோ', ஆழமாக இறங்கியது. கேக்குக்குள் பாகு இறங்குவதும் இதில்தான் சேரும். ஆனால் கியர் மாற்றும்போது கார் நின்றுபோனால் 'செ மெ ஆ கலாதோ எல் கோச்சே' என்பது இந்த வரிசையில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஸ்பெயினில் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனால் முதல் வாரமே தேவைப்படும்.

இதுவரை சொன்னவை திரவம் வந்து ஏறுவது. இனி பொருள் தானே இழுத்துக்கொள்வது. அப்சொர்பெர் பொதுவான, சற்றே எழுத்துநடைச் சொல். பஞ்சு, மண், சமையலறைக் காகிதம், சின்ன நிறுவனத்தை விழுங்கும் பெரிய நிறுவனம், ஆளையே விழுங்கும் வேலை எல்லாவற்றுக்கும் வரும். அடுப்படியில் மட்டும் இது கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். பயேயா என்ற அரிசி உணவைச் செய்கிறவர் 'அரிசி குழம்பை அப்சொர்பெர் செய்கிறது' என்று சொல்லலாம். ஆனால் வாயில் எளிதாக வருவது சுப்பார், உறிஞ்சுவது. வலென்சியா சமையலில் பேர்பெற்ற 'பொம்பா' அரிசி ஒரு பங்குக்கு ஏறக்குறைய மூன்று பங்கு குழம்பை இழுத்தும் குழையாது. 'இந்த அரிசி நன்றாகச் சுப்பா பண்ணும்' என்றால் அதுதான் பொருள்.

இதே சுப்பார், பெருவிலும் பொலிவியாவிலும் அர்ஜென்டினாவிலும் மது அருந்துவது ஆகிவிடுகிறது. லீமாவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'வாமோஸ் அ சுப்பார்' என்றால் ஐஸ் குச்சி சப்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பெயினில் வினைக்கு அந்தப் பொருள் பெரிதாக ஒட்டவில்லை, ஆனால் சின்னக் கண்ணாடியில் ஒரே மடக்கில் போடும் மதுவுக்கு 'சுப்பீத்தோ' என்று பெயர். எஸ்பொன்ஹா, அதாவது பஞ்சும் இரண்டு பக்கமும் நிற்கிறது. எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்கிற குழந்தை ஒரு எஸ்பொன்ஹா. மூக்குமுட்டக் குடிக்கிறவனும் எஸ்பொன்ஹாதான்.

எம்பெபெர் என்பதில் 'பெபெர்', குடிப்பது, ஒளிந்திருக்கிறது. உள்ளே குடித்துக்கொள்வது. இன்று பேச்சில் அதிகம் வராது, எழுத்தில்தான். 'எம்பெபிதோ என் லா லெக்தூரா' என்றால் வாசிப்பில் மூழ்கியவர். இதே பொருளுக்கு 'அப்சொர்தோ'வும் உண்டு, அது அப்சொர்பெரின் உறவு. தையல்காரர்கள் துணியைச் சற்றே உள்ளிழுத்துச் சுருக்கித் தைப்பதையும் எம்பெபெர் என்பார்கள். கணினித் துறையில் கருவிக்குள் பதித்த கணினி அமைப்பை 'சிஸ்தேமா எம்பெபிதோ' என்று லத்தீன் அமெரிக்காவில் தாராளமாக எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பார்த்து ஒட்டியது. 'எம்போத்ராதோ' என்பதே சரி என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள். எனக்கும் அதுதான் மேல்.

குவாதலஹாராவுக்குத் திரும்புவோம். ஸ்பெயினின் குவாதலஹாராவில் பிறந்த நுன்யோ தெ குஸ்மான் என்ற படைத்தலைவனால் மெக்சிகோவிலும் அதே பெயரில் ஒரு நகரம் வந்தது. இன்று பேரைச் சொன்னாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மெக்சிகோ நகரம்தான். அதன் பெருமை 'தோர்த்தா அஓகாதா', மூழ்கடித்த சாண்ட்விச். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தக்காளிச் சாறிலும் காரமான மிளகாய்ச் சாறிலும் முக்கித் தருவார்கள். சாதா ரொட்டி கரைந்துவிடும், அதனால் 'பிரோத்தே' என்ற கெட்டித் தோல் ரொட்டிதான் போடுவார்கள். கடையில் 'மேதியா அஓகாதா' என்றால் பாதி மூழ்கியது. 'பியென் அஓகாதா' என்றால் முழுக்க மூழ்கியது, கண்ணில் தண்ணீர் வரும், முதல் தடவை வேண்டாம். ஒரு குவாதலஹாரா தன் தின்பண்டத்துக்குக் குடிக்கக் கொடுக்கிறது, இன்னொன்று சாற்றில் அமுக்குகிறது. மெக்சிகோவில் கேக்குக்கு மது ஊட்டுவதை 'என்வினார்', ஒயின் சேர்ப்பது, என்றும் சொல்வார்கள், கொலம்பியாவிலும் கேட்கலாம். பனாமாவில் ரம் கலந்த பாகில் ஊறிய கேக்கின் பெயர் 'சோப்பா பொர்ராச்சா'. மேலே சோப்பாவைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொண்டால் இந்தப் பெயரில் விந்தை ஏதும் இல்லை.

மனிதருக்கு வருவோம். முதலில் இலக்கணம், ஏனென்றால் இங்கே தப்பினால் வம்பு. 'எஸ்தா பொர்ராச்சோ' என்றால் இப்போது போதையில் இருக்கிறார். 'எஸ் உன் பொர்ராச்சோ' என்றால் அவர் குடிகாரர். செர், எஸ்தார் என்று 'இரு'வுக்கு இரண்டு வினை ஏன் என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த ஒரு ஜோடியைப் பார்த்தால் போதும். கல்யாணத்தில் இரண்டு கிளாஸ் அதிகமாகப் போட்ட மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது எஸ்தாவைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்தியிலும் நீதிமன்றத்திலும் 'எப்ரியோ', 'எம்ப்ரியாகெஸ்' என்று வரும். எம்ப்ரியாகார் என்ற வினை குடியோடு நிற்பதில்லை; மல்லிகை வாசமும் வெற்றியும்கூட ஆளை எம்ப்ரியாகார் செய்யும். 'பெயோதோ' பழைய வாடை அடிக்கும் சொல், லத்தீனின் 'குடி' வினையிலிருந்து வந்தது. இன்று கிண்டலாகத்தான் சொல்வார்கள். சாலையில் போலீஸ் ஊதச் சொல்வதற்கு 'கொந்த்ரோல் தெ அல்கொஒலேமியா'. மாட்டிக்கொண்டவர் 'தியோ பொசிதீவோ', பாசிட்டிவ் காட்டினார்.

பேச்சுவழக்கு என்று போனால் கடல். ஸ்பெயினில் போதைக்குப் பெயராக ஊரில் உள்ள எதையும் வைத்துவிடலாம் போலிருக்கிறது: மெர்லூசா ஒரு மீன், மோனா பெண் குரங்கு, கஸ்தான்யா ஒரு கொட்டை, திரோம்பா தும்பிக்கை. 'தொர்மீர் லா மோனா', குரங்கைத் தூங்கவைப்பது, போதை தெளியும்வரை தூங்குவது. 'எஸ்தார் கோமோ ஊனா கூபா' என்பதில் வரும் கூபா நாடு அல்ல, ஒயின் ஊற்றிவைக்கும் பீப்பாய். நிறைபோதை என்று பொருள். லேசான போதைக்கு 'பிரிப்பி', 'அச்சிஸ்பாதோ'. இரண்டும் மரியாதையான இடத்திலும் சொல்லத்தக்கவை. 'பேதோ' அப்படியல்ல. அதன் நேர்ப்பொருள் குசு. ஸ்பெயினில் 'ஈர் பேதோ', அர்ஜென்டினாவில் 'எஸ்தார் என் பேதோ', மெக்சிகோவில் 'எஸ்தார் பேதோ' மூன்றும் போதைதான். ஆனால் 'நி என் பேதோ' என்று அர்ஜென்டினாக்காரர் சொன்னால், போதையில்கூட செய்ய மாட்டேன், அதாவது சான்ஸே இல்லை. மெக்சிகோக்காரர் 'நோ ஆய் பேதோ' என்றால் பிரச்சினை ஒன்றும் இல்லை. நண்பர்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் தாண்டினால் 'தொமார்' முக்கியம். ஸ்பெயினில் அது எடுத்துக்கொள்வது, காப்பியோ மாத்திரையோ பஸ்ஸோ. லத்தீன் அமெரிக்காவில் வெறுமனே 'தோமாஸ்?' என்று கேட்டால் 'குடிப்பீங்களா?' என்றுதான் அர்த்தம், எதை என்று சொல்லத் தேவையில்லை. குடித்திருப்பவர் 'தொமாதோ'. நாம் 'தண்ணி' என்றதும் எந்தத் தண்ணி என்று தொனியில் தெரிந்துகொள்வோம். ஸ்பானிஷில் அகுவா என்பது வெறும் தண்ணீர்தான். ஆனால் சாராயத்துக்குப் பெயர் 'அகுவார்தியெந்தே', எரிகிற தண்ணீர்.

நாட்டுக்கு நாடு பொருள் மாறுகிற சில சொற்களில் கவனம் வேண்டும். 'மமாதோ' அர்ஜென்டினாவில் போதையில் இருப்பவர், மெக்சிகோவில் ஜிம்முக்குப் போய் உடம்பேற்றியவர். வடக்கு மெக்சிகோவில் 'பிஸ்தியார்' குடிப்பது, 'பிஸ்தோ' மது. மத்திய அமெரிக்காவில் பிஸ்தோ பணம். ஸ்பெயினில் அது தக்காளி, கத்தரி வகையறாப் போட்ட காய்கறிக் கூட்டு. கையில் பிஸ்தோ இல்லை என்று குவாதமாலாக்காரர் வருந்தினால் சாப்பாட்டுக்குக் கவலைப்படவில்லை. அந்தப் பக்கம் குடித்தவரை 'போலோ' என்பார்கள். இன்னொரு ஆபத்து வினையில் இருக்கிறது. ஸ்பெயினில் 'கொஹெர் ஊனா பொர்ராச்சேரா', போதையைப் 'பிடிப்பது', சகஜம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கொஹெர் என்பது படுக்கையறை வினை. அங்கே 'அகர்ரார்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் தலைவலிக்கும் ஊருக்கொரு பெயர். ஸ்பெயினில் ரெசாக்கா, கரையில் மோதிய அலை திரும்ப இழுத்துப் போகும் நீர். மெக்சிகோவில் க்ரூதா, பச்சையானது, வேகாதது. கொலம்பியாவில் குவயாபோ, கொய்யா மரம். வெனிசுவேலாவில் ரத்தோன், எலி. பொலிவியாவில் 'சாக்கி', ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியில் காய்ந்தது, தாகம். இவ்வளவு ஊறல், நனைதல், உறிஞ்சலுக்குப் பிறகு உடம்பின் நிலையைச் சரியாகச் சொன்னவர்கள் பொலிவியர்கள்தான் என்பேன். ஈக்வதோரில் 'சுச்சாக்கி', அதுவும் அதே மலைமொழியிலிருந்து வந்தது.

க்ரூதாவைப் போக்குவதை மெக்சிகோவில் 'குரார்சே லா க்ரூதா' என்பார்கள். குரார் என்றால் குணப்படுத்துவது. காலையில் காரமான குடல் சூப்போடு உட்கார்ந்திருப்பவர் 'யா மெ குரே' என்றால் தலைவலி போய்விட்டது. சிலி நாட்டில் இதே வினைதான் போதையேறுவது. 'குராதோ' என்றால் குடித்திருப்பவர், 'மெ குரே' என்றால் எனக்கு ஏறிவிட்டது. சளிக்காய்ச்சல் விட்டு அலுவலகம் திரும்புகிற அன்று சிலியின் தலைநகர் சந்தியாகோவில் மேலாளரிடம் இந்த வினையை எடுக்க வேண்டாம். 'யா எஸ்தோய் பியென்', இப்போது நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அது எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தான்.